கைக்கண்ணாடியோடு லென்ஸ் வாங்கப் போனது

நம் ஸ்டுடியோவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் தனித்தனியாக வந்து என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். கல்யாண வேலைக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? நான் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டவள். ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்டால் எழுந்து நின்று கையை ஆட்டித்தான் பதில் சொல்ல வருகிறது. அப்படிச் சொன்னது உங்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அதனால் ஒழுங்காக எழுதித் தருகிறேன்.

பதில் இதுதான். 35இலிருந்து 70 வரை போகிற, எந்த இடத்தில் வைத்தாலும் 2.8 வரை திறந்து இருட்டிலும் வெளிச்சம் வாங்குகிற ஜூம். அதிலும் எல்லா லென்ஸும் ஒன்றுபோல் சரியாக இருக்காது. எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பேரணாம்பட்டில் நடந்த ஒரு கல்யாணம்.

எண்பதுகளின் கடைசி அது. ஆம்பூரில் அப்போது நம் ஸ்டுடியோவை நடத்தியவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். அவருக்கு இரண்டு வேலை. வெளிநாட்டு வியாபாரிகளுக்கு அனுப்ப ஷூ கம்பெனிகள் கேட்கும் கேட்லாக் படங்கள் ஒன்று, கல்யாணங்கள் இன்னொன்று. நான் கறுப்பு வெள்ளைப் படங்களின் குறைகளைத் தூரிகையால் திருத்தும் டச்சிங் வேலைக்கு வேலூரிலிருந்து வந்து சேர்ந்தவள். முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கம் ஆண்கள் கேமராவோடு போக முடியாது. அதனால் அந்தப் பக்கத்துக் கேமரா என் கைக்கு வந்தது. எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டரும் அபர்ச்சரும் எழுதிவைப்பேன். அதைப் பார்த்து பாய் எனக்கு டீச்சர் என்று பெயர் வைத்தார். பிறகு கல்யாண வீடுகளிலும் அதுவே என் பெயராகிவிட்டது.

அந்தப் பேரணாம்பட்டுக் கல்யாணத்தின் மணமகள் நசீமா நிஜமாகவே டீச்சர். அந்த ஊரிலேயே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவளும் அவளுடைய அக்காவும் பஸ் பிடித்து ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். அக்காவின் கையில் அவளுடைய கல்யாண ஆல்பம். அதில் ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

ஜல்வா என்று ஒரு சடங்கு உங்களுக்குத் தெரியும். நிக்காஹ் முடிந்தபிறகு மாப்பிள்ளையைப் பெண்கள் பக்கம் அழைத்து வருவார்கள். மணமகளோடு உட்காரவைத்து, இருவர் தலைமேலும் ஒரு சிவப்புத் துணியைப் போட்டு, முன்னால் ஒரு கண்ணாடியைப் பிடிப்பார்கள். அந்தக் கண்ணாடியில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் முதன்முதலாகப் பார்க்க வேண்டும். பெண் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். ‘கண்ணைத் திற, நான் உன் அடிமை’ என்று மாப்பிள்ளை உருதுவில் கெஞ்ச வேண்டும். மூன்று தடவை கெஞ்சினால்தான் திறப்பாள். சுற்றியிருக்கும் பெண்கள் அவரைப் பாடாய்ப் படுத்துவார்கள்.

அக்காவின் ஆல்பத்தில் இருந்தது அந்தக் கண்ணாடிப் படம். உறவுக்காரப் பெண் ஒருத்தி ஃப்ளாஷ் போட்டு எடுத்தது. கண்ணாடி நிறைய வெள்ளை வெளிச்சம். வேறொன்றும் இல்லை.

“என் முகம் இருக்க வேண்டிய இடத்துல பல்பு எரியுது பாருங்க. எங்க வீட்டுக்காரரு பல்பையா கட்டிக்கிட்டாரு?” என்றாள் அக்கா.

அன்றைக்கு அந்த வெளிச்சத்தில் மிரண்டு மாப்பிள்ளை துணியை உதறிவிட்டாராம். அதோடு அவர்கள் அம்மா முடிவு செய்துவிட்டார். சின்னவள் கல்யாணத்தில் ஜல்வாவுக்கு ஃப்ளாஷ் கிடையாது. ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்க முடியாது என்றால் அந்த நேரத்துக்குக் கேமராவே வேண்டாம்.

அக்கா ஆல்பத்தை மூடியதும் நசீமா மெதுவாகச் சொன்னாள்.

“அவரு முகத்த நான் பார்த்துக்குவேன். ஆயுசு பூரா பார்க்கத்தான் போறேன். அப்ப என் முகம் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் எனக்குத் தெரியாமலே போய்டும். அந்த ஒரு படம் எடுத்துக் குடுங்க. மத்தது எப்படி வந்தாலும் பரவால்ல.”

எடுத்துத் தருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அவர்கள் போனதும் பின்னறையில் டச்சிங் மேசையில் இருந்த கைக்கண்ணாடியை வைத்துப் படமெடுத்துப் பார்த்தேன். அன்று தெரிந்துகொண்டதை நீங்கள் இன்றே தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடியில் தெரியும் முகம் கண்ணாடியின் மேல் இல்லை. கண்ணாடிக்கு முன்னால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு தூரம் பின்னால் தள்ளி இருப்பதாகத்தான் லென்ஸுக்குத் தெரியும். கண்ணாடிச் சட்டத்துக்கு ஃபோகஸ் செய்தால் முகம் கலங்கிவிடும். முகத்துக்கே செய்ய வேண்டும். எங்களிடம் இருந்த பழைய ஜூமில் உள்ளே பார்த்தால் இருட்டாக இருந்தது, முகம் தெளிந்ததா இல்லையா என்றே புலப்படவில்லை. 50 லென்ஸ் நிறையத் திறக்கும், ஆனால் துணிக்குள் தலையை விட்டபிறகு பின்னால் நகர இடம் ஏது? கண்ணாடியும் வராது, அதைப் பிடித்த கையும் வராது. அங்கே உட்கார்ந்து லென்ஸ் மாற்றவும் முடியாது.

பாய் அந்தச் சமயத்தில் ஒரு லென்ஸ் வாங்கத்தான் இருந்தார். ஆனால் அவர் மனதில் இருந்தது 35இலிருந்து 135 வரை போகிற நீளமான ஜூம். ஃபேக்டரியில் ஒரு மூலையில் நின்றுகொண்டே மறுமூலைத் தையல் மெஷினைப் பிடிக்கலாம் என்பது அவர் கணக்கு. 2.8 எதற்கு, ஷூவை எப்படியும் அபர்ச்சரைச் சுருக்கித்தானே எடுக்கிறோம் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். இரண்டு லென்ஸ் வாங்க வழியில்லை. கடையில் பார்த்து முடிவு செய்யலாம் என்று மெட்ராஸுக்குக் கிளம்பினோம். நான் டச்சிங் மேசைக் கண்ணாடியை ஒரு துண்டில் சுற்றி, கேமராவோடு பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கேமராக் கடை. கல்லாவில் பெரிய மீசையோடு ஒருவர். 135 ஜூமை எடுத்துவந்து வாசல் வழியாகத் தெருவைக் காட்டினார். எதிர்வரிசைக் கடைப் பலகை பக்கத்தில் வந்து நின்றது. பாய் முகம் மலர்ந்துவிட்டது. அப்போது நான் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தேன்.

மீசைக்காரர் பாயைப் பார்த்து, “மேடம் மேக்கப் முடிச்சதும் சொல்லுங்க, பில் போட்டுடலாம்” என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்துவிட்டார்.

நானும் சிரித்துக்கொண்டே கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன். மார்புக்கு நேராகத் தள்ளிப் பிடித்து அதில் உங்கள் முகத்தையே பாருங்கள் என்றேன். கல்லாவுக்கு உள்ளே போக அனுமதி கேட்டு அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“எதுக்கும்மா இது?”

“உங்க மீசையில ஒரு முடி மட்டும் தனியா நிக்குது. அதான் எனக்கு வேணும்.”

இந்த முறை சிரிப்பு என் பக்கம் வந்தது. அவரும் நல்ல மனிதர். அதன்பிறகு அசையாமல் நின்றார்.

சோதனை இதுதான். ஜூமை முழுதாக நீட்டி, கண்ணாடிக்குள் தெரியும் மீசை முடிக்கு ஃபோகஸ் செய்தேன். பிறகு ஃபோகஸைத் தொடாமல் ஜூமை மட்டும் 35க்குக் கொண்டுவந்து படம் தெளிவாக நிற்கிறதா என்று பார்த்தேன். 135 ஜூமில் அந்த முடியைத் தேடுவதே சிரமமாக இருந்தது. கண்டுபிடித்து 35க்கு வந்தால் முகமே கலங்கியது. ஒவ்வொரு தடவையும் மறுபடி ஃபோகஸ் செய்ய வேண்டும். துணிக்குள் அதற்கு நேரம் இருக்காது.

35–70, 2.8 இருக்கிறதா என்று கேட்டேன். பெட்டி பிரிக்காத ஒன்றை எடுத்து வந்தார். கண்ணை வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் குறுகுறுத்தது. யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டதைப் போல் அவ்வளவு வெளிச்சம். முடி உடனே கிடைத்தது. ஆனால் 35க்கு வந்தால் இதிலும் கொஞ்சம் கலங்கியது. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் அப்படித்தான். இதே லென்ஸில் வேறொன்று இருக்கிறதா என்று கேட்டேன். தயங்கிக்கொண்டே கீழ்த் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்றதாம். எங்கோ விழுந்து முன்பக்க வளையம் நசுங்கியிருந்தது. ஃபில்டர் மாட்ட முடியாது.

அதில் ஃபோகஸ் அப்படியே நின்றது. நீட்டினாலும் குறுக்கினாலும் மீசை முடி மீசை முடியாகவே இருந்தது. விழுந்த லென்ஸ் என்பதால் சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் நான்கு மூலை எழுத்துகளையும் பார்த்தேன். நான்கும் ஒரே மாதிரி தெளிவு. விழுந்த அடி வளையத்தோடு நின்றுவிட்டது, உள்ளே இருக்கும் கண்ணாடிகளுக்குப் போகவில்லை.

“புதுசு இருக்கும்போது நசுங்கினதக் கேக்குறாங்களே, நீங்களாவது சொல்லுங்க பாய்” என்றார் மீசைக்காரர்.

பாய் என் கையிலிருந்து கேமராவை வாங்கினார். குனிந்து தன் வலது காலின் கறுப்பு ஷூவைக் கழற்றிக் கல்லாவின் கண்ணாடி மேசைமேல் வைத்தார். மீசைக்காரர் பதறிப்போய்க் கையை நீட்டினார். அது சுத்தமான ஷூ, எங்கள் ஊர்த் தோல் என்று சொல்லிவிட்டு, பாய் ஒற்றைக் காலில் நின்றபடி முதலில் 135 ஜூமிலும் பிறகு நசுங்கிய லென்ஸிலும் அதைப் பார்த்தார். கறுப்புத் தோலில் கறுப்பு நூல் தையல். ஃபேக்டரியில் அதற்கு ஃபோகஸ் செய்ய அவர் தினமும் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். இதில் ஒவ்வொரு தையலும் எண்ணுகிற மாதிரி தெரிந்தது.

ஷூவை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: “ஓரத்துல கத்திக் கீறல் இருக்குன்னு யாராவது தோலத் தள்ளுவாங்களா? ஓரத்த வெட்டித்தானே போடப் போறோம். நடுத்தோல் சுத்தமா இருக்கு. இதையே கட்டுங்க.”

ஊர் திரும்பும் பஸ்ஸில் அந்த லென்ஸ் என் மடியில்தான் இருந்தது.

கல்யாண நாள். பேரணாம்பட்டில் அவர்கள் வீட்டின் பெரிய கூடம். பெண்கள் தரையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முற்றத்திலிருந்து பிற்பகல் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. நான் காலையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன். 400 பிலிமுக்கு 2.8இல் முப்பதில் ஒரு பங்கு நொடி. தாராளமாகப் போதும் என்று உற்சாகமாக இருந்தேன். மருதாணிக் கைகள், தூரத்தில் உட்கார்ந்து சிரிக்கும் தோழிகள் என்று ஒரே லென்ஸில் இடம் நகராமல் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

மாப்பிள்ளையை அழைத்துவந்தார்கள். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. கூச்சமான ஆள், தலையைக் குனிந்தபடியே வந்து நசீமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவருடைய தோளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருவர் உடனே தடுத்தார். பெண்ணைப் படமெடுக்க வந்தவளுக்கு மாப்பிள்ளை பக்கம் என்ன வேலை என்று கேட்டார்.

கேள்வி சரிதான். ஆனால் பெண்ணின் முகம் கண்ணாடியில் தெரிய வேண்டுமானால் அங்கேதான் உட்கார வேண்டும். நசீமாவின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவள் பார்ப்பது தெரியும், அதாவது மாப்பிள்ளையின் முகம். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தால்தான் அவர் பார்ப்பது எனக்கும் தெரியும். இதை அந்தக் கூட்டத்தில் எப்படி விளக்குவது? அதற்குள் நசீமாவின் அம்மா எழுந்து வந்தார்.

“ஏம்மா, லைட்டு அடிக்காதே?”

“அடிக்காதும்மா.”

“அப்ப உக்காரு.”

அத்தை நகர்ந்து இடம் விட்டார். சிவப்புத் துணி வந்து எங்கள் மூவர் தலைமேலும் விழுந்தது. ஜரிகை வேலை செய்த கனமான துணி. காலையில் நான் மீட்டர் பார்த்தது துணி இல்லாத கூடத்தில். இப்போது மீட்டர் முள் சட்டென்று கீழே இறங்கிவிட்டது. பதினைந்தில் ஒரு பங்கு நொடி வைத்தால்தான் உண்டு, அதில் கை கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். முன்பக்கம் திறந்திருந்த இடைவெளியில் அக்கா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

துணியைக் கொஞ்சம் தூக்கச் சொல்லலாம். சொன்னால் வெளிச்சம் வரும், ஆனால் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள், நசீமா கேட்ட முகம் வராது. படமெடுப்பதற்காக நடிக்கிற முகம் ஒன்று வரும். வேண்டாம் என்று முடிவு செய்தேன். முழங்கையை முழங்காலில் ஊன்றினேன். ஷட்டரைப் பதினைந்தில் வைத்தேன். 70க்கு நீட்டி, கண்ணாடிக்குள் மூடியிருந்த நசீமாவின் இமை மயிருக்கு ஃபோகஸ் செய்தேன். பிறகு ஃபோகஸைத் தொடாமல் குறுக்கி, கண்ணாடி முழுதும் அக்காவின் விரல்களும் உள்ளே வரும்படி வைத்துக் காத்திருந்தேன். மூன்றாவது தடவை அவர் கெஞ்சி முடித்ததும் அழுத்துவது என்று திட்டம்.

மாப்பிள்ளை முதல் தடவை சொன்னார். வெளியே பெண்கள் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று கத்தினார்கள். அவர் மறுபடி தொண்டையைச் செருமினார்.

அப்போது கண்ணாடிக்குள் நசீமாவின் ஒரு கண் திறந்தது.

ஒரே ஒரு கண். இன்னொன்று இறுக மூடியிருந்தது. சிரிப்பு வெளியே வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு, அந்த ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தாள். என் திட்டம் மூன்றாவது தடவைக்கு. ஆனால் அவள் கேட்டது முதன்முதலாகப் பார்க்கிற முகத்தை அல்லவா? அது இதுதான். மூச்சை நிறுத்தி அழுத்தினேன். கண் மூடிக்கொண்டது.

பிறகு சடங்கு முறையாக நடந்தது. மூன்றாவது தடவை அவர் கெஞ்சினார், அவள் இரண்டு கண்களையும் திறந்தாள், கூடமே ஆரவாரித்தது. அதையும் எடுத்தேன்.

பிலிம் கழுவி வந்ததும் முதலில் அந்த இரண்டு படங்களைத்தான் தேடினேன். முறையாகக் கண் திறந்த படம் பாழ். அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணாடி ஆடி, முகம் இழுபட்டிருந்தது. ஒற்றைக் கண் படம் மட்டும் அப்படியே நின்றது. இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. துணியின் சிவப்பு முகமெல்லாம் பரவியிருந்தது. அந்தச் சிவப்பை முழுதும் எடுத்துவிட வேண்டாம் என்று லேபுக்குச் சொன்னேன். இவ்வளவு திறக்காத அந்த நீளமான ஜூமாக இருந்திருந்தால் எட்டில் ஒரு பங்கு நொடியாவது தேவைப்பட்டிருக்கும். சிரிப்பை அடக்குகிற உதடு அவ்வளவு நேரம் நிற்காது.

ஆனால் இதை எப்படிக் கொடுப்பது? பெண் கள்ளத்தனமாகக் கண் திறந்தது ஆல்பத்தில் இருந்தால் அம்மா என்ன சொல்வார்? பாயிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, அது அந்தப் பெண் கேட்ட படம், ஆல்பத்தில் ஒட்டாமல் அவள் கையிலேயே கொடு என்றார்.

நசீமாவும் அவள் கணவரும் அக்காவோடு ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். நான் அந்தப் படத்தை உறையிலிருந்து எடுத்து நசீமாவிடம் நீட்டினேன். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா எட்டிப் பார்த்தாள்.

“அடி திருடி. நான் கண்ணாடியப் புடிச்சிக்கிட்டு கை வலிக்க நிக்கிறேன், நீ உள்ளாற இந்த வேல பார்த்தியா?”

நசீமா படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அதைப் பார்த்தபடியே என்னைக் கேட்டாள். “இத எங்க உக்காந்து எடுத்தீங்க?”

“உங்க வீட்டுக்காரர் தோளுக்குப் பின்னாடி.”

அவள் படத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த ஷூ படங்களை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நீங்களும் இதத்தான் பார்த்தீங்களா?” என்று அவரைக் கேட்டாள்.

“பார்த்தேன்.”

“முதல் தடவையே நான் பார்த்துட்டது தெரிஞ்சும், எதுக்கு இன்னும் ரெண்டு தடவ கெஞ்சினீங்க?”

“நீ ஒரு கண்ணுதானே திறந்த,” என்றார் அந்தக் கூச்சமான மனிதர். “இன்னொண்ணுக்காகக் கெஞ்சினேன்.”

அக்கா சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து பாய் ஓடிவந்துவிட்டார்.

அதனால்தான் சொல்கிறேன். எவ்வளவு தூரம் இழுக்கும் என்று கடைக்காரர் காட்டுவார், பார்த்துக்கொள்ளுங்கள், மயங்காதீர்கள். எவ்வளவு இருட்டில் பார்க்கும், பார்த்ததை விடாமல் பிடித்திருக்குமா என்பதை நீங்கள்தான் சோதிக்க வேண்டும். டச்சிங் மேசைக் கண்ணாடி இன்னும் ஸ்டுடியோவில் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. லென்ஸ் வாங்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள். யாராவது சிரித்தால், கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.